இண்டெக்ஸர் தின்ற டிஸ்க்: ஒரு யூனிஸ்வாப் ஜோடிக்கு ஆன செலவுக் கணக்கு

அதிகாலை மூன்றே முக்காலுக்கு போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் நின்றுபோயிருந்தது. ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், லாகின் கடைசி வரியில் டிஸ்கில் இடமில்லை என்ற பிழை. 80 ஜிபி டிஸ்க் கொண்ட வாடகை சர்வர் அது. அதில் நான் சேர்த்துவைப்பது ஈத்தீரியம் பிளாக்செயினில் ஒரே ஒரு கான்ட்ராக்ட் (செயினிலேயே ஓடும் புரோகிராம்) வெளியிடும் ஒரே ஒரு வகை ஈவென்ட், அதாவது அறிவிப்பு. அதற்கே 80 ஜிபி போதவில்லை என்றால் அடிப்படையிலேயே எங்கோ கோளாறு இருக்க வேண்டும். அடுத்த மூன்று வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து, இந்த இண்டெக்ஸர், அதாவது செயினிலிருந்து ஈவென்ட்களைப் பொறுக்கித் தரவுத்தளத்தில் சேர்க்கும் என் புரோகிராம், எதற்கு எவ்வளவு தின்கிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டோக்கன்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் இடமான யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பு, வி2, ஈத்தீரியத்தின் முதன்மைச் செயினான மெயின்நெட்டுக்கு வந்தது 2020 மே மாதம். புதிய ஜோடிகளை உருவாக்கும் அதன் ஃபேக்டரி கான்ட்ராக்ட் பதிவானது செயினின் 1,00,00,835ஆவது பிளாக்கில் (டிரான்சாக்ஷன்களின் கொத்து). அந்த ஃபேக்டரியின் ஜோடிப் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பது யூஎஸ்டிசி–டபிள்யூஈத் ஜோடி: ஒன்று டாலர் மதிப்பைப் பின்பற்றும் டோக்கன், மற்றது ஈத்தரின் டோக்கன் வடிவம். அந்த ஜோடியில் யாராவது மாற்றிக்கொண்டாலும், பணம் போட்டாலும், எடுத்தாலும் இரண்டு பக்கத்துக் கையிருப்பும் மாறும். மாறியவுடன் 'சிங்க்' என்ற ஈவென்ட் வெளியாகும். அதற்குள் இரண்டே எண்கள்: இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு. ஜோடிக்குள் பணம் போட்டுவைத்தவர்கள் எந்த நாளில் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று சரியாகப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கையிருப்பின் முழு வரலாறும் வேண்டும். நானும் நான்கு நண்பர்களும் பயன்படுத்தும் ஒரு சின்னக் கருவிக்காகத்தான் இதைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

ஈவென்ட் ஏன் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவின் வேர் அங்கேதான். ஒரு கான்ட்ராக்ட் தன் நிரந்தரச் சேமிப்பில் புதிதாக ஓரிடத்தில் 32 பைட் எழுதினால் 20,000 கேஸுக்கு (ஈத்தீரியத்தில் வேலைக்கான கட்டண அலகு) மேல் ஆகும். அதையே லாகாக, அதாவது ஈவென்ட்டாக, வெளியிட்டால் அடிப்படைக்கு 375, ஒவ்வொரு டாபிக்குக்கும் (ஈவென்ட்டைத் தேட உதவும் அடையாளம்) 375, ஒவ்வொரு பைட்டுக்கும் 8. சிங்க் ஈவென்ட்டுக்கு ஒரே டாபிக், 64 பைட் தரவு. கூட்டினால் 375 + 375 + 512, அதாவது 1,262 கேஸ். சேமிப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் எல்லாக் கான்ட்ராக்ட்டும் வரலாற்றை லாகில் கொட்டிவிட்டுப் போகின்றன. ஆனால் அந்த லாகைக் கான்ட்ராக்ட்டால் திரும்பப் படிக்க முடியாது, வெளியிலிருந்து நாம்தான் பொறுக்கியெடுக்க வேண்டும். எழுதும்போது மிச்சமான செலவு, படிக்கும்போது நம் தலையில் வந்து விழுகிறது.

சரி, அன்று காலைக்கு வருகிறேன்.

டைரக்டரி டைரக்டரியாக அளவு பார்த்தபோது விடை உடனே தெரிந்துவிட்டது. தரவு 14 ஜிபி. போஸ்ட்கிரஸின் பிஜி_வால் டைரக்டரி மட்டும் 58 ஜிபி. வால் என்பது போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதுவதற்கு முன்பு எழுதிக்கொள்ளும் குறிப்பேடு. ஒரு கோப்பு 16 எம்பி, ஆக அந்த டைரக்டரியில் 3,700 கோப்புகளுக்கு மேல். வழக்கமாகப் பழைய கோப்புகளைப் போஸ்ட்கிரஸே சுழற்சியில் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் அல்லது அழித்துவிடும். அப்படி அழிக்காமல் இருந்தால், யாரோ அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காத்திருந்தது நான் ஒரு மாதத்துக்கு முன் மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட். இன்னொரு சர்வருக்குத் தரவை நகலெடுத்துப் பார்க்கலாம் என்று அதை உருவாக்கியிருந்தேன். சோதனை முடிந்ததும் அந்த இரண்டாவது சர்வரை நிறுத்திவிட்டேன், ஸ்லாட்டை நீக்கவில்லை. மறுமுனையில் யாரும் இல்லை என்பது ஸ்லாட்டுக்குத் தெரியாது. வருவார்கள் என்று நம்பி ஒவ்வொரு வால் கோப்பையும் பிடித்துவைத்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிஜி_வால் டைரக்டரிக்குள் போய்க் கையால் கோப்புகளை அழிக்கவே கூடாது. டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் முதலில் கை போவது அங்கேதான். அழித்தால் தரவுத்தளம் மறுபடி எழும்பாமலே போகலாம். நான் சிஸ்டம் லாகின் பழைய பகுதியை அழித்து ஒன்றரை ஜிபி இடம் தேற்றினேன். அந்த இடத்தில் போஸ்ட்கிரஸ் மூச்சு வாங்கி எழுந்தது. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி, 'ஆக்டிவ்' என்ற இடத்தில் 'இல்லை'. ஸ்லாட்டை நீக்கினேன், ஒரு செக்பாயின்ட் (நினைவகத்தில் நிற்கும் மாற்றங்களைத் தரவுக் கோப்பில் எழுதி முடிப்பது) கொடுத்தேன், ஒரு நிமிடத்துக்குள் 58 ஜிபி ஒன்றரை ஜிபியாகச் சுருங்கியது.

அப்புறம் இரண்டு காரியம் செய்தேன். போஸ்ட்கிரஸ் 13லிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு ஸ்லாட்டுக்காக அதிகபட்சம் எவ்வளவு வால் பிடித்துவைக்கலாம் என்று அதில் சொல்லலாம். எதுவும் சொல்லாவிட்டால் அளவே கிடையாது. அதை 5 ஜிபி என்று வைத்தேன். இரண்டாவது, டிஸ்கில் 1 ஜிபிக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி வைத்தேன். இனி எப்போதாவது டிஸ்க் நிறைந்தால் அதை அழித்தால் போதும், எழுந்து நிற்க இடம் கிடைக்கும்.

ஸ்லாட் மறதி என்னுடையது, அது தீர்ந்தது. ஆனால் என்னை உறுத்தியது வேறு. தரவே 14 ஜிபிதான் என்றால் ஒரே மாதத்தில் 58 ஜிபி வால் எப்படி வந்தது? அந்த வாரம் டேபிள் அமைப்பை மாற்றி, மூன்றாவது முறையாக முழு வரலாற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. அப்படியே வைத்தாலும் இது பொருந்தாத அளவு.

பிஜி_ஸ்டேட்_வால் பார்த்தபோது காரணம் புரிந்தது. எழுதிய வாலில் பெரும்பகுதி முழுப் பக்க நகல்கள். போஸ்ட்கிரஸ் தரவை 8 கேபி பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒரு செக்பாயின்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கத்தை முதல்முறை தொடும்போது, மாற்றத்தோடு சேர்த்து அந்தப் பக்கம் முழுவதையும் வாலில் எழுதும். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் மீட்பதற்காக அந்த ஏற்பாடு. அது நல்லதுதான். ஆனால் நான் ஒவ்வொரு வரிசைக்கும் கொடுத்திருந்த முதன்மைச் சாவி, டிரான்சாக்ஷன் ஹாஷோடு லாக் எண்ணைச் சேர்த்த ஒரு நீளமான சரம். ஹாஷ் என்பது ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் அடையாளமான, எந்த வரிசையும் தென்படாத நீளமான எண். இன்று வரும் ஈவென்ட் இண்டெக்ஸின் (சாவிகளை வரிசைப்படுத்தி வைத்த தேடுபட்டியல்) நடுவில் எங்கோ போய் விழும், அடுத்தது வேறு மூலையில் விழும். 70 எழுத்துச் சாவி ஒன்றை நுழைக்க ஒரு புதுப் பக்கம், அந்தப் பக்கத்தின் முழு நகல் வாலில். போதாக்குறைக்கு டிரான்சாக்ஷன் ஹாஷுக்குத் தனியாக இன்னொரு இண்டெக்ஸும் வைத்திருந்தேன். அதே கதை இரண்டு மடங்கு.

சாவியைப் பிளாக் எண், லாக் எண் என்ற இரண்டு முழு எண்களாக மாற்றினேன். ஒரு பிளாக்குக்குள் லாக் எண் திரும்ப வராது, ஆகவே இந்த இரண்டும் சேர்ந்தாலே தனித்த அடையாளம். அதைவிட முக்கியமாக, ஈவென்ட்கள் வரும் வரிசையிலேயே இந்தச் சாவியும் வளர்கிறது. எப்போதும் இண்டெக்ஸின் வலது ஓரத்தில்தான் புதியது சேரும், ஒரே பக்கம் நிறையும் வரை அங்கேயே எழுதும். என் சர்வரில் 1 லட்சம் வரிசை ஏற்றியபோது பழைய அமைப்பில் கிட்டத்தட்ட 700 எம்பி வால் வந்தது. புதிய அமைப்பில், ஒவ்வொரு வரிசையாக இன்சர்ட் செய்யாமல் காப்பி கட்டளையில் கொத்தாக ஏற்றியபோது, 20 எம்பிக்கும் கீழே. அந்த எண்ணை நம்ப முடியாமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். வாடகை சர்வர்களில் டிஸ்க் எழுதும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கும். இண்டெக்ஸர் மெதுவாக ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சாவியில் கை வைத்ததும் மற்ற காலம்களையும் பார்க்கத் தோன்றியது. நோட் (செயினின் நகலை வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் தரும் கணினி) திருப்பித் தரும் ஒரு சிங்க் லாகை எடுத்து எழுத்தெழுத்தாக எண்ணினேன். கான்ட்ராக்ட் முகவரி 42 எழுத்து. டாபிக் 66. தரவு 130. பிளாக் ஹாஷ் 66, டிரான்சாக்ஷன் ஹாஷ் 66. இவையே 370. பதில் வரும் எழுத்து வடிவமான ஜேசனின் பெயர்கள், மேற்கோள் குறிகள், சின்ன எண்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் சுமார் 530 எழுத்து. இதில் எனக்கு உண்மையில் தேவை என்ன? இரண்டு கையிருப்பு, ஒவ்வொன்றும் 112 பிட், அதாவது 14 பைட். பிளாக் எண்ணுக்கு 4, லாக் எண்ணுக்கு 4. மொத்தம் 36 பைட். முகவரி எப்போதும் ஒன்றே, டாபிக்கும் எப்போதும் ஒன்றே. அவற்றை ஒவ்வொரு வரிசையிலும் எழுதிவைத்திருந்தேன்.

112 என்ற அந்த விசித்திரமான அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு 112 பிட்டோடு ஒரு 32 பிட் நேரமுத்திரையைச் சேர்த்தால் சரியாக 256 பிட், ஈத்தீரியச் சேமிப்பில் ஓரிடம். வி2வை எழுதியவர்கள் கையிருப்பு இரண்டையும் கடைசியாக மாறிய நேரத்தையும் ஒரே இடத்தில் அடக்குவதற்காகவே அப்படி வைத்தார்கள். பைட் பைட்டாக எண்ணிச் செய்த அந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை வருகிறது.

பழைய டேபிளில் எல்லாவற்றையும் பதினாறடிமான எழுத்துச் சரமாக வைத்திருந்தேன். ஒரு வரிசை 300 பைட்டைத் தாண்டியது. புதியதில் இரண்டு முழு எண், இரண்டு நியூமெரிக். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு வரிசைக்கும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் 28 பைட்டையும் சேர்த்தால் 70 பைட்டுக்குள் அடங்குகிறது. 10 லட்சம் ஈவென்ட்டுக்கு 70 எம்பி, சாவி இண்டெக்ஸுக்கு இன்னொரு 21 எம்பி. டிரான்சாக்ஷன் ஹாஷ் வேண்டுமென்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்று தயங்கினேன். பிளாக் எண் கையில் இருக்கிறது. கேட்கும்போது நோடிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் ஹாஷ் வந்துவிடும். இத்தனை நாளில் நண்பர்கள் அதைக் கேட்டது நான்கைந்து முறைதான். ஹாஷை ஒவ்வொரு வரிசையிலும் சுமந்தே ஆக வேண்டியவர்கள் எழுத்துச் சரமாக வைக்காமல் பைட்டாக வைத்தாலே பாதி மிச்சம். 66 எழுத்து 32 பைட்டாகிவிடும்.

டிஸ்க் கதை இவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் வந்த பெரிய பில் டிஸ்குக்கு இல்லை, ஆர்பிசிக்கு, அதாவது நோடிடம் கேட்கும் கேள்விகளுக்கு. சொந்த நோட் இல்லாததால் ஒரு சேவையிடம் காசு கொடுத்துத்தான் செயினைக் கேட்கிறேன். கேள்விக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் ஒவ்வொரு எடை. பிளாக் எண் கேட்பது மலிவு, லாக் கேட்பதும் பழைய நிலையைக் கேட்பதும் விலை கூட.

என் பழைய கோட் ஒரு சிங்க் ஈவென்ட் வந்தால் என்னவெல்லாம் கேட்டது என்று பாருங்கள். அந்தப் பிளாக்கின் நேரம் தெரிய ஈத்_கெட்பிளாக்பைநம்பர். கையிருப்பு தெரிய அந்தப் பிளாக்கின் நிலையில் கெட்ரிசர்வ்ஸ் என்று ஓர் ஈத்_கால், அதாவது கான்ட்ராக்ட்டிடமே கேட்கும் கேள்வி. இரண்டு டோக்கனுக்கும் தசம இடங்கள் எத்தனை என்று இரண்டு ஈத்_கால். ஓர் ஈவென்ட்டுக்கு நான்கு கேள்வி, 10 லட்சம் ஈவென்ட்டுக்கு 40 லட்சம் கேள்வி.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கூட வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கோடைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர்தான் கேட்டார்: "அண்ணா, சிங்க் உள்ளேயே ரெண்டு ரிசர்வும் இருக்கே. அப்புறம் எதுக்கு மறுபடி காண்ட்ராக்டைக் கேக்கறீங்க?" பதில் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை. முதன்முதலில் வேறொரு ஈவென்ட்டுக்காக எழுதிய கோடைத் திருத்திப் பயன்படுத்தியதில், கேட்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. தசம இடங்களோ என்றைக்கும் மாறாதவை, யூஎஸ்டிசிக்கு 6, டபிள்யூஈத்துக்கு 18. அவற்றை ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய பிளாக்கில் ஈத்_கால் செய்வது ஏன் விலை கூட என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஃபுல் நோட் எல்லாக் கணக்குகளின் பழைய நிலையையும் வைத்திருக்காது. கெத் என்ற மென்பொருளில் ஓடும் நோட் வழக்கமாக வைத்திருப்பது கடைசி 128 பிளாக்குகளின் நிலை. 2020ஆம் ஆண்டில் ஒரு பிளாக்கில் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் எல்லாப் பழைய நிலையையும் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோட்தான் பதில் சொல்லும். லாக் அப்படியில்லை. அது டிரான்சாக்ஷனின் ரசீதோடு கிடக்கிறது, ஃபுல் நோடே எடுத்துக் கொடுக்கும். ஈவென்ட்டுக்குள் இருக்கும் விஷயத்தை ஈத்_காலில் கேட்பது, கையிலிருக்கும் புத்தகத்தைப் பார்க்காமல் ஊரின் பெரிய நூலகத்துக்கு ஆட்டோ வைத்துப் போவது மாதிரி.

மூன்று ஈத்_காலையும் எடுத்துவிட்டேன். நேரத்தைக் கேட்பது மட்டும் மிச்சம். மெர்ஜுக்கு (2022 செப்டம்பரில் ஈத்தீரியம் மைனிங்கைக் கைவிட்ட மாற்றம்) பிறகு 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட், அதாவது ஒரு பிளாக்குக்கான நேரம், என்பதால் பிளாக் எண்ணிலிருந்தே நேரத்தைக் கணக்கிட்டுவிடலாமே என்று முயன்று பார்த்தேன், நடக்கவில்லை. சில ஸ்லாட்டுகளில் பிளாக்கே வராது, எண் மட்டும் தொடரும், ஆகவே பிளாக் எண்ணுக்கும் நேரத்துக்கும் நேர்க்கணக்கு கிடையாது. இப்போது பல நோடுகள் லாகோடு சேர்த்தே பிளாக்கின் நேரத்தையும் தருகின்றன. அப்படித் தராத இடத்தில் மட்டும், ஈவென்ட் இருக்கும் பிளாக்குக்கு ஒரே முறை கேட்டுத் தனி டேபிளில் வைத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு தவறு இருந்தது. டிரான்சாக்ஷன் விவரம் முழுவதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதை அப்படியே டிஸ்கிலும் வைத்திருந்தேன். 14 ஜிபியில் பெரும்பகுதி அதுதான். இரண்டாவது அளவுருவை 'இல்லை' என்று மாற்றியதும் பதில் மிகவும் சுருங்கியது.

லாக் எடுக்கும் கேள்வியில் எத்தனை பிளாக்கை ஒரு வீச்சில் கேட்பது என்பது அடுத்த கணக்கு. 1,00,00,835இலிருந்து 2.2 கோடி வரை கிட்டத்தட்ட 1.2 கோடி பிளாக்குகள். ஒரு வீச்சுக்கு 10 பிளாக் என்றால் 12 லட்சம் கேள்விகள். 2,000 என்றால் 6,000 கேள்விகள். இலவசத் திட்டங்களில் வீச்சைச் சுருக்கிவைத்திருக்கிறார்கள் என்றால், அந்த 'இலவசம்' எவ்வளவு நேரம் தின்னும் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வீச்சைப் பெரிதாக வைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பதிலில் இத்தனை லாகுக்கு மேல் தரமாட்டோம் என்று நிறுத்திவிடுவார்கள். இந்த ஜோடி 2020இன் நடுப்பகுதியில் கூட்டம் அலைமோதிய இடம். 2021 மே மாதம் யூனிஸ்வாப்பின் அடுத்த பதிப்பான வி3 வந்த பிறகு வியாபாரத்தில் பெரும்பகுதி மெல்ல அங்கே நகர்ந்தது. ஒரே அளவு வீச்சு இரண்டு காலத்துக்கும் பொருந்தாது. பிழை வந்தால் வீச்சைப் பாதியாக்கு, சரியாக வந்தால் கால் பங்கு கூட்டு என்று எழுதினேன். பத்து வரிக் கோட். கூட்டமான காலத்தில் தானே சுருங்கி, வெறிச்சோடிய காலத்தில் தானே விரிந்துகொள்கிறது.

இன்னொரு பெரிய ஓட்டை, செயினின் தலைப் பக்கம், அதாவது புதிய பிளாக்குகள் சேரும் முனை. புதிய பிளாக் வந்துவிட்டதா என்று விநாடிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தேன். நாளுக்கு 86,400 கேள்வி. பிளாக் வருவதோ அதிகபட்சம் நாளுக்கு 7,200. ஒவ்வொரு புதிய பிளாக்குக்கும் இரண்டு கேள்வி, அது ஒரு 14,400. ஆக நாளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பாலானதற்குப் பதில் 'இன்னும் இல்லை'.

எங்கள் கருவிக்கு இவ்வளவு அவசரம் தேவையா என்று நண்பர்களைக் கேட்டேன். லாப நஷ்டக் கணக்கை யாரும் விநாடிக்கு விநாடி பார்ப்பதில்லை, அரைமணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை என்றார்கள். அப்படியென்றால் 'ஃபைனலைஸ்டு' என்ற குறியைப் பயன்படுத்தலாம். 32 ஸ்லாட் ஓர் எபாக், அதாவது 6.4 நிமிடம். வழக்கமாக இரண்டு எபாக் கடந்ததும் ஒரு பிளாக் இறுதியாகிவிடும், அதற்குமேல் மாறாது. எபாக்குக்கு ஒரு முறை, நாளுக்கு 225 முறை, இறுதியான பிளாக் எது என்று கேட்டு, அதுவரைக்குமான லாகை ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி, நாளுக்கு 450. ஒரு லட்சத்திலிருந்து 450.

மிச்சமானது கேள்விகள் மட்டும் இல்லை. தலைப் பக்கத்தைத் துரத்தும்போது ரீஆர்க் பயம் எப்போதும் உண்டு. சேர்த்த பிளாக் பிறகு செல்லாமல் போனால் அதன் ஈவென்ட்களைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு வரிசையிலும் பிளாக் ஹாஷ் வைத்திருந்தேன், ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் கோட், பின்வாங்கத் தனிக் கோட். இறுதியான பிளாக்கை மட்டும் எடுத்தால் இவை எதுவும் வேண்டாம். 200 வரிக்கு மேல் அழித்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023 மே மாதம் ஈத்தீரியத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் இறுதியாவது தாமதமானது. அப்படி நடந்தால் இண்டெக்ஸர் பதறாமல் காத்திருக்க வேண்டும், பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி கேட்கக் கூடாது.

விலையை உடனுக்குடன் காட்ட வேண்டிய கருவிக்கு இந்த வழி ஒத்துவராது. அப்படிப்பட்ட கருவி எழுதுகிறவர்கள் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட்டில் ஈத்_சப்ஸ்கிரைப் போட்டு, புதியது வந்ததும் நோடே சொல்லட்டும் என்று காத்திருக்கலாம், ரீஆர்க் கோடையும் சுமக்கத்தான் வேண்டும். தாமதம் எவ்வளவு தாங்கும் என்று பயன்படுத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்பது முக்கியம். நான் ஒரு வருடம் கழித்துக் கேட்டேன், அந்த ஒரு வருடக் காசு போய்விட்டது.

மூன்று முறை முழு வரலாற்றையும் மறுபடி ஏற்றினேன் என்று சொன்னேன் அல்லவா, மூன்று முறையும் ஆர்பிசியிலிருந்தே புதிதாக வாங்கினேன். இப்போது வாங்கிய பதில்களை 10,000 பிளாக்குக்கு ஒரு கோப்பாக இசட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கும் முறையில் அமுக்கி வைத்துவிடுகிறேன். ஜேசனில் திரும்பத் திரும்ப வரும் முகவரியும் பெயர்களும் நன்றாக அமுங்கும், ஹாஷ்கள் மட்டும் அமுங்காது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. டேபிளை மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கோப்புகளிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம், வெளியே ஒரு கேள்விகூடப் போகாது. பான்டர் மாதிரியான ஆயத்த இண்டெக்ஸர் கருவிகள் வாங்கிய பதில்களைத் தாமே தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கின்றன. சொந்தமாக எழுதுகிறவர்கள்தான் இதை மறக்கிறோம்.

கிராஃப் நோட் என்ற இண்டெக்ஸர் மென்பொருளை ஓட்டும் நண்பருக்கும் இதே போன்ற வீக்கம் இருந்தது, காரணம் வேறு. அதில் ஓர் என்டிட்டியை (ஒரு தரவுப் பதிவு) மாற்றினால் பழைய வடிவம் அழியாது, எந்தப் பிளாக்கிலிருந்து எந்தப் பிளாக் வரை அது செல்லும் என்ற குறிப்போடு தங்கும். ஜோடி என்ற என்டிட்டியை ஒவ்வொரு சிங்குக்கும் மாற்றினால் ஒவ்வொரு சிங்குக்கும் ஒரு பழைய வடிவம். ஈவென்ட் என்டிட்டிகளை மாறாதவை என்று அறிவித்து, ஐடியைச் சரமாக வைக்காமல் பைட்டாக வைத்து, பழைய வடிவங்களை வெட்டும் புரூனிங்கையும் போட்டதில் அவருக்கு டிஸ்க் நன்றாகவே இறங்கியது.

சிபியு, ரேம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 64 பைட்டைப் பிரித்து இரண்டு எண்ணாக்குவதற்கு என்ன வேலை இருக்கிறது? என் இண்டெக்ஸர் பெரும்பாலான நேரம் நெட்வொர்க் பதிலுக்காகச் சும்மா காத்திருந்தது. டைப்ஸ்கிரிப்ட்டை விட்டு ரஸ்டில் மாற்றி எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். காத்திருப்பதை எந்த மொழியில் எழுதினாலும் அதே நேரம்தான் ஆகும், அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

சொந்த நோட் வைத்துக்கொண்டால் ஆர்பிசி பில்லே இருக்காதே என்று கேட்பார்கள். ஃபுல் நோடுக்கு 2 டிபி என்விஎம்இ டிஸ்க் வேண்டும், அது இரவும் பகலும் உழைத்துத் தேயும். பல ஜோடி, பல கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒரு ஜோடிக்கு ஆகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை முதல் நோட் மென்பொருள்கள் மெர்ஜுக்கு முந்தைய பிளாக் உள்ளடக்கத்தையும் ரசீதுகளையும் விட்டுவிடும் வசதியைத் தருகின்றன. 300 முதல் 500 ஜிபி வரை மிச்சமாகும் என்பதால் பலரும் அதைப் பயன்படுத்துவார்கள். ரசீது போனால் லாகும் போயிற்று. 2022 செப்டம்பர் 15க்கு முந்தைய ஈவென்ட் வேண்டுமென்றால், அந்த வசதியை இயக்காத நோடாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவைக் குறைத்துக்கொண்டே போனபோது ஒரு பயம் வந்தது. எல்லாம் வந்து சேர்ந்ததா? முழு வரலாற்றையும் ஏற்றி முடித்த பிறகு, அங்கங்கே சில வீச்சுகளைத் தேர்ந்தெடுத்து வேறொரு சேவையிடமும் கேட்டு எண்ணிக்கையை ஒப்பிட்டேன். 2020 செப்டம்பரில் ஒரு வீச்சு உதைத்தது. என்னிடம் பூஜ்யம், அவர்களிடம் ஆயிரக்கணக்கில். அந்த வேளையில் முதல் சேவை பிழை எதுவும் சொல்லாமல் வெற்றுப் பட்டியலைத் தந்திருக்கிறது, என் கோடும் 'ஈவென்ட் இல்லை' என்று நம்பி அடுத்த வீச்சுக்குப் போய்விட்டது. வீச்சைக் கூட்டும் விதியும் அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. காசு மிச்சம் பிடித்த சந்தோஷமெல்லாம் அந்த இரவில் கரைந்துபோனது. ஓட்டை விழுந்த வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கை நண்பர்களுக்குக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது பூஜ்யம் என்று வரும் ஒவ்வொரு வீச்சையும் இரண்டாவது சேவையிடம் மறுபடி கேட்கிறேன். அதற்கு ஆகும் கேள்விகளை நான் செலவாக நினைப்பதில்லை. கூடவே, நான் முன்பு வெட்டியெறிந்த அதே கெட்ரிசர்வ்ஸை நாளுக்கு ஒரே ஒரு முறை திரும்பக் கொண்டுவந்தேன். இரவு 12 மணிக்கு, இறுதியான பிளாக்கின் நிலையில், கான்ட்ராக்ட்டிடம் கையிருப்பைக் கேட்டு, டேபிளில் அதுவரையில் கடைசியாக வந்த சிங்கோடு ஒப்பிடுகிறது. ஒரு இலக்கம் மாறினாலும் எனக்கு மெசேஜ் வரும்.

சர்வரை 40 ஜிபி டிஸ்க் உள்ள சின்னத் திட்டத்துக்கு மாற்றிவிட்டேன். வாடகையும் ஆர்பிசியும் சேர்ந்த மாதச் செலவு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அடுத்து வி2வின் மற்ற ஜோடிகளையும் சேர்க்கச் சொல்கிறார்கள். முகவரிப் பட்டியல் நீளமானால் அதைக் கேள்வியோடு அனுப்ப முடியாது, டாபிக்கை மட்டும் வைத்துக் கேட்டு இங்கே வடிகட்ட வேண்டும். வி2வை நகலெடுத்த சுஷிஸ்வாப் போன்றவையும் அதே டாபிக்கில்தான் சிங்க் வெளியிடுகின்றன. வேண்டாததையும் சேர்த்து வாங்கிக் கழிக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு நாள் பிளாக்கை, 7,200ஐ மட்டும், முதலில் எடுத்து எண்ணப்போகிறேன். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குப் பதில் சொல்வேன்.